பொன்னம்மை வீட்டில் ஆறு பேர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவனந்தபுரம் தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறும்போது எனக்கு எப்போதும் கோபமாகத்தான் இருக்கும். வாரம் ஆறு நாள் மணக்காட்டில் ஒரு டியூட்டோரியலில் தமிழ் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வற்றிப்போனவள், கிடைக்கிற ஒரு நாளையும் மலை ஏறி வீணாக்குகிறேனே என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நெடுமங்காடு தாண்டுகிற வரைக்கும் அந்தக் கோபம் நிற்கும். வித்துராவில் பஸ் பத்து நிமிஷம் நிறுத்துவார்கள். சந்தை முக்கில் ஒரு பழம்பொரியும் ஒரு கட்டன் சாயாவும் உள்ளே போனதும் மனசு இளகிவிடும். இரண்டாயிரத்து இரண்டில் அப்படி ஏறி இறங்கிய ஞாயிறுகளை இப்போது நினைத்தால், அவ்வளவு சந்தோஷமான நாட்கள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று தோன்றுகிறது. அன்றைக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

என்னை இதில் இழுத்துவிட்டவள் ஸ்வப்னா. பக்கத்து வீட்டு மலையாளிப் பெண். நகரத்தில் ஒரு கல்லூரியில் சுற்றுலாவைப் பற்றி பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். பொன்முடியைப் பார்க்க கார் காராக ஆட்கள் வருகிறார்கள். போகிற வழியில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் தமிழர்கள் அவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது அவள் கேள்வி. முதலில் நாற்பது கேள்விகள் அச்சடித்துக்கொண்டு போனாள். நாற்பதுக்கும் "நல்லதுதான் சாரே" என்று ஒரே பதிலோடு திரும்பி வந்தாள். அழாத குறை. அப்புறம் எங்கோ படித்துவிட்டு ஒரு புது வழி கண்டுபிடித்தாள். கேள்வியே கேட்க வேண்டாம். ஒரு பெரிய துணியை விரித்து, சாயத்தை வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து "நம்ம இடம்" என்று ஒரு படம் வரைய வேண்டும். வரைகிறபோது பேசுகிற பேச்சு, வரைந்தது, வரையாமல் விட்டது எல்லாம் ஆராய்ச்சிக்குத் தரவு. தமிழை மலையாளமாக்கவும் மலையாளத்தைத் தமிழாக்கவும், பெண்கள் பேசுவதை நோட்டில் எழுதவும் நான்.

"துணியில பெயிண்ட் அடிக்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்று கேட்டேன்.

"மங்கலம் சேச்சி வந்நு நோக்கியே, பின்னே பறஞ்ஞா மதி" என்றாள்.

வந்து பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். கை வேலையாக இருக்கும்போது வாய் பயப்படுவதில்லை. கேள்வித்தாளுக்கு முன்னால் கல்லாக உட்கார்ந்த அதே பெண்கள், துணியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பச்சைச் சாயத்தில் தேயிலைச் செடி வைத்தபடியே, சுற்றிப் பார்க்க வந்தவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். கேட்காமலே போட்டோ எடுக்கிறவர்கள், கூடையைக் கொடு என்று வாங்கி முன்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு சிரிக்கிற சீமாட்டிகள், லயத்தின் தண்ணீர்க் குழாயில் கார் கழுவுகிறவர்கள் என்று ஒருவரும் தப்பவில்லை. எழுதி எழுதி என் விரல் வீங்கியது.

அங்கேதான் பொன்னம்மையைப் பார்த்தேன். அப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. நெட்டை, ஒல்லி, பேச்சில் ஒரு வெடுக்கு. எனக்கு அவளைப் பிடித்துப்போனதற்கு அந்த வெடுக்குதான் காரணம். அந்த லயத்திலேயே பிறந்தவள். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலை ஏறியவர்கள். எந்த ஊர் என்று கேட்டால், "வள்ளியூருக்கு அங்கிட்டுன்னு சொல்லுவாவ, நான் கண்டனா?" என்பாள். புருஷன் செல்வமணி தேயிலை ஃபாக்டரியில் உலர்த்துகிற இடத்தில் வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. முப்பத்தேழு வயதில் பிறந்து தங்கியது அஜிதா. அவள் அப்போது வித்துராவில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸிங் போக வேண்டும் என்பது தாய்க்கும் மகளுக்கும் ஒரே நினைப்பு.

எஸ்டேட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் வழக்கத்தை மட்டும் சொல்கிறேன். லய வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலைப் பதிவேட்டில் வீட்டு ஆள் ஒருவருடைய பெயர் இருக்கும் வரைக்கும்தான் வீடு. வயதாகி நின்றாலோ, நிறுத்தப்பட்டாலோ, அந்த வீட்டிலிருந்து இன்னொருவர் கூடையைத் தூக்கிப் பதிவேட்டில் ஒப்பு, அதாவது கையெழுத்து, வைக்க வேண்டும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். பொன்னம்மை கூடையைத் தூக்கியதே அப்படித்தான்.

"எட்டாம் கிளாஸ் படிச்சிட்டிருந்தேன் டீச்சரே. அப்பன் முந்தியே போயாச்சு. அம்மைக்கு ஒரு ஆவணி மாசம் கையும் காலும் இழுத்துட்டு. மறுநாளே என்னைக் கூட்டிட்டுப் போயி ஒப்பு வைக்கச் சொன்னாவ. ஸ்கூல்ல இருந்த ஸ்லேட்டைக்கூட போயி எடுக்கல்ல. எனக்க மக அந்த ஒப்பு வைக்கப்பிடாது. அவ படிச்சு மலை எறங்குற வரைக்கும் இந்தக் கூரை போகவும் பிடாது. அதுக்கு அப்புறம் இடிஞ்சு விழட்டு."

முதல் நாளே இதைச் சொன்னாள். அப்படியே நோட்டில் எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியதை ஸ்வப்னா பார்த்துவிடக்கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்த வரிசையில் எட்டு வீடுகள், எட்டுப் பெண்கள். "நம்ம இடம்" என்று வரையச் சொன்னால் மலையும் ஓடையும் வரும் என்று ஸ்வப்னா எதிர்பார்த்தாள். ஓரத்தில் நாலு செடியை வைத்துவிட்டு எட்டுப் பேரும் வீட்டில் இறங்கிவிட்டார்கள். வீடு நிறைய ஆட்கள். நாலு பேர் உள்ள சூடாமணி வீட்டில் பதினொரு பேர். எண்ணிப் பார்த்தால் அதில் ஒன்று செத்துப்போன மாமியார். ஜெயபாய், மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த மகளையும் மருமகனையும் அவர்கள் வளர்க்கிற ஆட்டையும் சேர்த்திருந்தாள். ஸ்வப்னா இதை உறவின் ஆழம் என்றும் நினைவின் இருப்பு என்றும் தன் நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். மூன்றாம் ஞாயிறு சூடாமணி மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"டீச்சரே, வீடு எப்பம் கெடைக்கும்?"

"எந்த வீடு?"

"இந்தக் கணக்கெடுப்புக்கு வீடு உண்டும்லா?"

மலைக்குக் கீழேயிருந்து யார் காகிதத்தோடு வந்தாலும் அது வீட்டுத் திட்டத்துக்குத் தலை எண்ணத்தான் என்பது அவர்கள் நாற்பது வருஷமாகக் கண்டது. தலை கூடினால் வீடு பெரிதாகும். இப்போது காகிதத்துக்குப் பதில் துணி வந்திருக்கிறது, அவ்வளவுதான். விஷயம் புரிந்ததும் ஸ்வப்னா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் விளக்கிச் சொன்னதும் அந்தப் பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். சூடாமணி மட்டும், "ஆனாலும் கெடக்கட்டு, மாமியாரை அழிக்காண்டாம். ஒரு வேளை கெடைச்சாலோ?" என்றாள். ஸ்வப்னாவும் எதையும் அழிக்க வேண்டாம், இதுவும் தரவுதான் என்றாள். காக்கை எச்சமிட்டாலும் அவளுக்கு அது தரவு.

படத்தில் பொன்னம்மை வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இருப்பது இரண்டே பேர். "நாலு கூடுதல்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். பொன்னம்மை அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சாயக் கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

படம் முடிந்தது. பிப்ரவரியில் கல்லூரியில் காட்சிக்கு வைப்பது என்று முடிவாயிற்று. எட்டுப் பெண்களும் ஜீப்பில் வருவார்கள். லயத்துக்குள் நுழைய அனுமதி தந்த எஸ்டேட் மானேஜர்தான் தலைமை விருந்தினர். அழைப்பிதழில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தும் விட்டாள் ஸ்வப்னா.

ஜனவரியில் ஒரு மாலை, ஸ்வப்னா வீட்டுக் கூடத்தில் சுவரோடு சுவராகத் துணியைத் தொங்கவிட்டு, யார் எதை வரைந்தது என்று பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். படத்தில் பொன்னம்மை வீட்டுக்கு வந்தேன். அந்த ஆறு பேரின் காலிலும் கறுப்பாகப் பெட்டி பெட்டியாக எதையோ வரைந்திருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். ஷூ. அந்த வரிசையில் ரப்பர் செருப்புக்கு மேல் எதுவும் யார் காலிலும் ஏறியதில்லை. அடுக்களையில் பெஞ்சு போட்டு, ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்து, இலையில் சோறு தின்கிற ஆறு பேர். அதில் பொன்னம்மையும் இல்லை, அஜிதாவும் இல்லை.

அப்புறம்தான் என் மரமண்டையில் ஒவ்வொன்றாக ஏறியது. லயத்துக்கு மேலேதான் கொண்டை ஊசி வளைவு. ஏறி வருகிற கார்கள் சூடாகிப் புகைவிட்டு நிற்பது அங்கேதான். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டு இறங்கி வருகிறவர்களுக்கு முதல் கதவு பொன்னம்மை வீடு. முதலில் தண்ணீர், அப்புறம் சாயா, அப்புறம் நெத்திலி வறுவலும் துவையலும் சோறும், எல்லாம் காசுக்கு. இரண்டே பேர் உள்ள வீட்டில் ஞாயிறு தோறும் பானை நிறையச் சோறு வெந்ததையும் மீன் மணம் மூக்கைத் துளைத்ததையும் நானே பார்த்திருக்கிறேன். அஜிதாவின் படிப்பு எந்த அடுப்பில் வெந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்வப்னாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குதித்தாள். "சேச்சீ! இதாணு என்றெ சாப்டர்! டூரிஸ்டுகள் இவருடெ அடுக்களையில் வரெ எத்தியிருக்குந்நு!"

"குதிக்காதே. யாரை விருந்தினரா கூப்பிட்டிருக்கே?"

அவள் முகம் வெளிறியது. எஸ்டேட் அப்போதுதான் வளைவுக்கு மேலே தன் சொந்தச் சாயாக்கடையைத் திறந்திருந்தது. லயத்தில் யாரும் வியாபாரம் செய்யக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வரிசை ராஜமணி, கொய்யாப்பழம் விற்றான் என்று வேலையும் வீடும் போய் மாமனார் வீட்டில் கிடந்தான். பொன்னம்மைக்கு வேலை போனால் அஜிதா ஒப்பு வைக்க வேண்டும். பிளஸ் டூ பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு துணியைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மலை ஏறினோம். அன்றைக்கு வித்துராவில் நான் சாயாகூடக் குடிக்கவில்லை. பொன்னம்மை அம்மியில் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். சொன்னோம். குழவியை நிறுத்தினாள்.

"நீங்க கள்ளமில்லாம வரைன்னு சொன்னிய. நான் வரைஞ்சேன். எல்லாவளும் பொய் வரைஞ்சா, நான் ஒருத்தி உள்ளதை வரைஞ்சேன். மேனேஜர் பாக்க வருவான்னு அப்பம் சொல்ல வாய் இல்லையா டீச்சரே உங்களுக்கு?"

இத்தனை வருஷம் எத்தனையோ பேரை வாயால் மடக்கியிருக்கிறேன். அன்றைக்கு நான் அவமானத்தில் கூனிப்போய் நின்றேன்.

ஸ்வப்னா அழுதுகொண்டே அந்தப் பாகத்தை வெட்டி எடுத்துவிடுகிறேன் என்றாள். பொன்னம்மை துணியைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு வீட்டுல ஒரு வீடு ஓட்டையா நின்னா அவன் முதல்ல கேக்கப்போறது அந்த ஓட்டையத்தானே?"

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் பொன்னம்மையின் அடுப்பு முன்பே தெரியும். யாரும் மூச்சு விட்டதில்லை. எல்லோரும் துணியைச் சுற்றிக் குந்தினார்கள். சூடாமணிதான் பேசினாள்.

"எனக்க வீட்டு ஆளுவளுக்கும் ஷூ போடுங்க. எல்லா வீட்டுக்கும் போட்டா எவன் கண்டுபிடிப்பான்?"

கறுப்புச் சாயம் கொண்டுவந்தோம். அந்த மத்தியானம் லயத்தில் மொத்தம் ஐம்பத்து மூன்று பேருக்கு ஷூ போட்டார்கள். சூடாமணியின் மாமியாருக்கும் போட்டார்கள். உயிரோடு இருந்தபோது செருப்பே போடாத கிழவி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜெயபாய் உற்சாகம் மிஞ்சி ஆட்டுக்கும் போட்டுவிட்டாள். பச்சைச் சாயத்தை அப்பி மூன்று காலை மறைத்தோம். நாலாவது காலில் கறுப்பு தெரிந்துகொண்டேதான் இருந்தது. அந்தப் பயத்திலும் அப்படிச் சிரித்தோம். ஸ்வப்னா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய ஒரு வருஷ ஆராய்ச்சியில் உண்மையாக இருந்த ஒரே இடத்தின் மேல் ஐம்பத்து மூன்று பொய்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவளே ஒரு பிரஷ்ஷை எடுத்து, ஓரத்து வீட்டுக் குழந்தைக்கு ஷூ வரைந்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை.

காட்சி நாள் வந்தது. மானேஜர் வெள்ளைச் சட்டையில் வந்து விளக்கேற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு துணியைப் பார்த்தபடி நடந்தார். எட்டுப் பெண்களும் இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு கடைசியில் சுவரோரம் நின்றார்கள். அவர் பொன்னம்மை வீட்டின் முன்னால் நின்றார்.

"இது ஆருடெ வீடா?"

பொன்னம்மை முன்னால் வந்தாள். "எனக்க வீடு சாரே."

"நிங்ஙள் ரெண்டு பேரல்லே உள்ளூ? இவிடெ ஆறு பேர் இருந்நு ஊணு கழிக்குந்நு?"

"வீடு கிட்டும்னு நெனைச்சு வரைஞ்சோம் சாரே. ஆளைக் கூட்டிக் காட்டுனா பெரிய வீடு கெடைக்கும்லா? நான் ஆறோட நிறுத்துனேன். சூடாமணி பதினொண்ணு போட்டா."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மானேஜரும் வயிறு குலுங்கச் சிரித்தார். மைக்கைப் பிடித்து, தன் தொழிலாளிகளின் களங்கமில்லாத மனசைப் பற்றிப் பேசினார். பிறகு துணியைக் காட்டி, "நோக்கணம், எல்லாவருடெ காலிலும் ஷூ உண்டு. எஸ்டேட் அவரெ எங்ஙனெ நோக்குந்நு என்னு அவர் தன்னே வரச்சு வச்சிருக்குந்நு" என்றார். எஸ்டேட் தங்களை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறது என்று அவர்களே வரைந்து வைத்திருக்கிறார்களாம். எல்லோரும் கை தட்டினார்கள். சுவரோரம் நின்ற எட்டுப் பேரும் தட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த மனிதர் ஒரு தடவை கண்ணைத் தாழ்த்தி அவர்கள் காலைப் பார்த்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை.

ஸ்வப்னா அந்த அத்தியாயத்தை எழுதவில்லை. லயத்துப் பெண்கள் வீட்டுத் திட்டம் என்று நினைத்து வரைந்த கதையை மட்டும் எழுதினாள். கண்டுபிடிப்பு போதாது, ஒல்லியான ஆய்வு என்று வழிகாட்டி முகத்துக்கு நேரே சொன்னாராம். பட்டம் ஒரு வருஷம் தாமதமாகக் கிடைத்தது. என் நோட்டில் பொன்னம்மை பேசிய பக்கங்களைக் கிழித்து அவளிடமே கொடுத்துவிடச் சொன்னாள் ஸ்வப்னா. கொடுத்தேன். பொன்னம்மை வாங்கி அடுப்பில் போட்டுச் சாயா வைத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகும் நான் போய்க்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி இல்லை, வேலை இல்லை. ஞாயிறு வந்தால் கால் தானாகத் தம்பானூருக்குப் போனது. பொன்னம்மை அடுக்களையில் உட்கார்ந்து நெத்திலி தின்றுவிட்டு, அவளிடம் நாலு வசவு வாங்கிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸில் இறங்குவேன். ஊரில் எனக்கு உறவுக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னை அப்படி உரிமையாகத் திட்டியவள் அவள் ஒருத்திதான். அஜிதா நர்ஸிங் சேர்ந்தாள், முடித்தாள், திருவனந்தபுரத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குப் போனாள்.

இரண்டாயிரத்து ஆறில் பொன்னம்மைக்கு வேலை முடிந்தது. சாமானெல்லாம் இரண்டு சாக்கு, ஒரு தகரப் பெட்டி. நகரத்தில் வாடகைக்கு வீடு பிடித்து வைத்திருந்த அஜிதாவுக்கு அன்று டியூட்டி. நான்தான் துணைக்குப் போனேன். எஸ்டேட் ஆபீஸில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கிளார்க் காத்திருந்தார். அன்றைக்கு வேலை முடிந்த வேறு ஐந்தாறு பேரும் வரிசையில் நின்றார்கள். அவரவர் பக்கத்தில் ஒரு மகனோ மருமகளோ ஒப்பு வைக்க நின்றார்கள். பொன்னம்மை பக்கத்தில் நான் நின்றேன். கிளார்க் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதாணோ மோள்?"

"இல்ல. இது டீச்சர்."

"மோளெவிடெ? பேரு எழுதண்டே?"

"எழுதாண்டாம் சாரே."

அவர் நம்பவில்லை. பேனாவைப் பதிவேட்டில் வைத்தபடியே இருந்தார். "நல்லோணம் ஆலோசிச்சோ? பின்னே வீடு வேணமென்னு பறஞ்ஞா கிட்டில்ல."

பொன்னம்மை சாவியை மேஜைமேல் வைத்தாள். "எனக்க வீட்டுல ஒப்பு வைக்க ஆளில்ல" என்றாள். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிளார்க் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வருஷம் இருந்த இடத்தை விட்டு இறங்குகிறாளே, அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

"டீச்சரே, நான் சொன்னது உள்ள நின்ன எல்லாவனுக்கும் கேட்டுதா?"

"கேட்டுது" என்றேன். அழுதது நான்தான்.

"அப்பம் சரி, வாங்க" என்று சொல்லிவிட்டு, தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு எனக்கு முன்னால் நடந்தாள்.